உங்களுக்குத் தெரியுமா? மின்னேற்றி இருப்பது காருக்குள்ளே!

பிளக்-இன் ஹைபிரிட் காருக்காக வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் பெட்டியானது, பார்வைக்கு மின்னேற்றியாகத் தோன்றினும், உண்மையில் மாறுதிசை மின்சாரத்தைப் பத்திரமாகக் காரிடம் ஒப்படைக்கும் வாயில் மாத்திரமே. அதனை நேர்திசை மின்சாரமாக்கிப் பாட்டரியில் செலுத்தும் சாதனம் காருக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

உதாரணமாக, அமெரிக்காவில் 2021-ஆம் வருஷ மாடலாக வந்த டொயோட்டா ராவ்-4 பிரைம் காரின் 18.1 கிலோவாட்-மணி பாட்டரி நிறைவதற்கு, அந்நாட்டு வீடுகளின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஏறத்தாழ 12 மணி நேரமும், 240 வோல்ட் இணைப்பில், 3.3 கிலோவாட் மின்னேற்றியுள்ள ரகத்துக்குச் சுமார் 4½ மணி நேரமும், 6.6 கிலோவாட் ரகத்துக்குச் சுமார் 2½ மணி நேரமும் பிடிக்கும்.

ஆகையால், 3.3 கிலோவாட்டுக்கு மேல் கிரகிக்க இயலாத காருக்கு, 11.5 கிலோவாட் அளிக்கவல்ல 48 ஆம்பியர் பெட்டியை வாங்குவதனால் ஒரு நிமிஷமும் மிச்சமாகாது. 20 ஆம்பியர் தனி இணைப்பில் இயங்கும் 16 ஆம்பியர் பெட்டியே அதற்குப் போதுமானது. இரவு முழுவதும் காரை வீட்டில் நிறுத்திவைப்பவருக்கோ, தேய்மானமற்ற நல்ல பிளக்கும், அதற்கெனத் தனியே இழுத்த வயரும் இருக்குமாயின், 120 வோல்ட்டே பெரும்பாலும் போதும். எனவே, பெட்டியை விலை பேசுமுன், காரின் உள்மின்னேற்றி எத்தனை கிலோவாட் என்று விசாரித்தறிவதே விவேகம்.