கண்ணொளியும் கணிப்பொறியும்

மாணவர்களே,

பல்கலைக்கழகங்களில் இந்நாளில் பயிலப்பெறும் துறைகளுள் ‘தகவல் முறைமை’ என்பதும் ஒன்று. பெயரைக் கேட்ட அளவில், அது கணிப்பொறியைப் பற்றிய படிப்பு என்றே பலரும் கருதிவிடுகின்றனர். கணிப்பொறி அதில் உண்டு. ஆயின் கணிப்பொறியே அப்படிப்பு அன்று. இதனை விளக்குவதற்கு நான் தொலைதூர நகரம் எதையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நம் தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் நடந்த ஓர் ஆராய்ச்சியே போதிய சான்றாகும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட விதி. ஆகவே, நீங்கள் நன்கறிந்த வருகைப் பதிவேட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவன் பெயருக்கு நேரே ஆசிரியர் இடும் குறி வெறும் தரவு. ஒரு திங்களின் குறிகளை ஒருசேர நோக்கி, ‘ஏலக்காய் எடுக்கும் பருவத்தில் மலையடிவாரத்துப் பிள்ளைகள் வகுப்பிற்கு வருவதில்லை’ என்று அறிந்தால், அது தகவல். அதனை அறிந்த ஆசிரியர் தலைமையாசிரியரிடம் கூறுகிறார். தலைமையாசிரியர் பெற்றோரைக் கண்டு பேசுகிறார். பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வருகிறது. ஏடும் எழுதுகோலும் மனிதரும் கூடி இவ்வாறு ஓர் ஒழுங்கில் இயங்குவதே முறைமை. ஏட்டின் இடத்தில் கணிப்பொறியை வைத்தால், அதனை டிஜிட்டல் மயமாக்கல் என்கிறோம். ஏடு மாறினாலும், பிள்ளை வந்ததா என்ற வினா மாறுவதில்லை.

நம் நாட்டில் இக்கல்வி வேரூன்றிய வரலாறு சுவையானது. கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்தது. ஈரோட்டிலே பிறந்த பேராசிரியர் வி. இராஜாராமன் அங்கே 1965-இல் கணிப்பொறியியலை ஒரு தனிப் பாடமாகக் கற்பிக்கும் முயற்சியில் முன்னின்றார். சென்னையிலுள்ள தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 என்னும் பெரிய கணிப்பொறி 1973-இல் நிறுவப்பெற்றது. அந்நாளில் அப்பொறியைக் காண்பதற்கே மாணவன் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். இன்றோ, போடிநாயக்கனூரிலேயே 2012-இல் அரசினர் பொறியியற் கல்லூரி தொடங்கப்பெற்றுவிட்டது. பொறி நம்மை நாடி வந்துவிட்டது. அதனைக்கொண்டு எதனைச் செய்வது என்பதே இனி நாம் கேட்கவேண்டிய வினா.

இனி, நம் மாவட்டத்தின் கதைக்கு வருவோம். மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985-இல் தேனியிலும் அதன் மருத்துவமனை ஒன்று ஏற்பட்டது. கண்புரையால் ஒளியிழந்தோருக்கு அறுவை மருத்துவமும், பார்வை குன்றியோருக்குக் கண்ணாடியும் அளிப்பது அதன் முதன்மைப் பணி. சிற்றூர் மக்களை அடைய அவர்கள் கைக்கொண்ட வழி கண் சிகிச்சை முகாம். பள்ளிக் கட்டடங்களில் நடைபெறும் இத்தகைய முகாம்களை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள்.

முகாம்களிலே கூட்டம் மிகுதியாக இருக்கும். எனவே, தேவையுள்ளோர் அனைவரும் வந்துவிட்டனர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், மதுரை வட்டாரத்துச் சிற்றூர்களில் நிகழ்த்திய ஆய்வொன்று 1999-இல் வெளிவந்தது. கண் மருத்துவம் தேவைப்பட்டோருள் முகாமிற்கு வந்தவர் நூற்றுக்கு எழுவர்கூட இல்லை என்று அது காட்டியது. வாராமைக்குரிய காரணங்களையும் அவ்வாய்வு கேட்டறிந்தது. அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு, ‘வயதானால் இப்படித்தான்’ என்ற மனநிலை ஆகியவை அவை. வந்தவர்களை மட்டும் எண்ணினால் வெற்றி தெரியும். வாராதவர்களையும் எண்ணினால்தான் உண்மை தெரியும். தகவல் முறைமை பயில்வோர் முதலில் கற்கவேண்டுவது இதுவே.

ஆண்டிற்கு ஒருநாள் வரும் முகாமைவிட, நாள்தோறும் திறந்திருக்கும் சிறு நிலையம் நன்று என்ற முடிவுக்கு மருத்துவமனையினர் வந்தனர். ஆனால், ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு கண் மருத்துவரை அனுப்புவது இயலாது. ஆதலால், பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் நிலையத்தில் இருந்து கண்ணைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையின் வழியாக நோயாளியுடன் பேசி, வேண்டுவதைக் கூறுவார். கண்ணாடி போதுமெனில் அங்கேயே கிடைக்கும். அறுவை வேண்டுமெனில் தேனிக்கு வரச்சொல்வார். திட்டம் எளியதே. எனினும், படமும் குரலும் தடையின்றிச் செல்லும் பாதை அப்போது சிற்றூர்களில் இல்லை.

இவ்விடத்தில்தான் பல்கலைக்கழகம் வருகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பெர்க்லி வளாகத்தில், பேராசிரியர் எரிக் புரூவர் தலைமையில் ஒரு குழுவினர், வளரும் நாடுகளுக்கு ஏற்ற தொழில்நுட்பத்தை ஆராய்ந்து வந்தனர். வீட்டினுள்ளும் கல்லூரியினுள்ளும் பயன்படும் வைஃபை என்னும் கம்பியில்லாத் தொடர்பை, ஊர்விட்டு ஊர் எட்டச் செய்ய முடியுமா என்பது அவர்களுடைய வினா. அக்கருவி மலிவானது. அது பயன்படுத்தும் அலைவரிசைக்கு உரிமம் வேண்டுவதில்லை என்று 2005-இல் நம் அரசும் விலக்கு அளித்தது. அதையொட்டிய ஆண்டுகளில் தேனி மருத்துவமனைக்கும் அம்பாசமுத்திரம், ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் ஆகிய ஊர்களின் நிலையங்களுக்கும் இடையே இணைப்புகள் அமைந்தன.

இவ்வலைகள் நேர்கோட்டில் செல்பவை. ஒரு முனையில் நின்றால் மறுமுனை கண்ணுக்குத் தெரியவேண்டும். மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலையும் கிழக்கே வருசநாட்டு மலைகளும் அரணாக நிற்க, நடுவே சமநிலமாகக் கிடக்கும் நம் பள்ளத்தாக்கு இதற்கு ஓரளவு ஏற்றதே. ஆயினும் தென்னந்தோப்புகள் குறுக்கிடும். ஆகவே, 24 முதல் 42 மீட்டர் உயரமுள்ள கோபுரங்களில் சில கருவிகளை ஏற்றினர். வேறு சிலவற்றை வீட்டுக் கூரைமேல் நட்ட கம்பங்களில் கட்டினர். ஒன்றை ஒரு நூற்பாலையின் புகைபோக்கியின்மேல் பொருத்தினர்! இணைப்புகளுள் நீண்டது சுமார் 15 கிலோமீட்டர்.

உயரத்தில் ஏற்றியதோடு வேலை முடியவில்லை. ஓர் உவமையால் இதனை விளக்குவேன். காட்டுப்பன்றிக்குக் காவலிருப்போர் இருவர், எதிரெதிர் மலைச்சரிவுகளில் பரண்மேல் இருக்கின்றனர் என்று கொள்ளுங்கள். ஒருவர் கூவுகிறார், மற்றவர் ‘ஓ’ என்று விடை தருகிறார். பரண்கள் அண்மையில் இருந்தால் இடர் இல்லை. தொலைவில் இருந்தால், விடை வந்து சேரச் சற்று நேரமாகும். பொறுமையற்றவர் அதற்குள் மீண்டும் கூவிவிடுவார். இரு குரலும் மோதி ஒன்றும் விளங்காமற் போகும். வைஃபையின் இயல்பும் இதுவே. ஒவ்வொரு செய்தித் துணுக்கிற்கும் ‘பெற்றேன்’ என்ற மறுமொழியை அது எதிர்பார்க்கும். சிறிய இடத்திற்கென அமைந்த கருவியாதலால் அதன் பொறுமையும் சிறிது. மின்காந்த அலை ஒரு நொடியில் 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும் என்பதைப் படித்திருக்கிறீர்கள். அவ்வாறாயின் 15 கிலோமீட்டரைக் கடக்க ஒரு நொடியின் 20,000-இல் ஒரு பங்கே ஆகும். அச்சிறு தாமதமே கருவியை மயக்கிவிடுகிறது என்றால் வியப்பன்றோ?

இதற்கு ஆய்வாளர் கண்ட தீர்வு, நம் உழவர்க்குப் புதியதன்று. பெரியாற்றுக் கால்வாய் நீரை எல்லாரும் ஒரே வேளையில் மடை திறந்தால் எவர் வயலும் நிறையாது. எனவே, முறைவைத்துப் பாய்ச்சுகிறோம். அங்ஙனமே, ‘இந்நேரம் நீ பேசு, அந்நேரம் நான் பேசுகிறேன்’ என்று இரு கருவிகளுக்கும் முறை வகுத்தனர். துணுக்குதோறும் மறுமொழி கேளாமல், பலவற்றிற்குச் சேர்த்து ஒரே மறுமொழி போதும் என்றனர். வழியில் சில துணுக்குகள் தொலைந்தாலும் எஞ்சியவற்றைக்கொண்டு ஈடுசெய்யும் கணக்கையும் சேர்த்தனர். இம்முறையால், வழக்கமான வைஃபை தரக்கூடிய சிறந்த வேகத்தைக் காட்டிலும் 2 முதல் 5 மடங்கு வேகம் கிட்டியது என்று 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் எழுதினர். இலட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் முதலியோரும் அக்கட்டுரையின் ஆசிரியர்கள்.

மாணவர்களே, பல ஆராய்ச்சிகள் இவ்வளவில் நின்றுவிடும். கட்டுரை அச்சாகும், பட்டம் கிட்டும், கருவி துருப்பிடிக்கும். அக்குழுவினரோ 2008-இல் வேறொரு கட்டுரையும் வெளியிட்டனர். இத்தகைய இணைப்புகள் நாட்பட உயிர்வாழ என்ன வேண்டும் என்பதே அதன் பொருள். நம் தேனியின் பட்டறிவும் இமயமலைச் சாரலிலுள்ள தர்மசாலாவின் பட்டறிவும் அதில் பதிவாயின. அவர்களை மிகுதியும் வருத்தியது அலைகளைப் பற்றிய கணக்கு அன்று, மின்சாரத்தின் குறைபாடு. மின்னழுத்தம் திடீரென உயர்ந்து கருவியை எரித்தது. தாழ்ந்தபோது கருவி பாதி உயிரோடு செயலற்று நின்றது. இடியும் மின்னலும் தம் பங்கைச் செய்தன. எனவே, மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவிற்குக் கீழே இறங்கினால் இணைப்பைத் தானே துண்டிக்கும் அமைப்பையும், சூரிய ஒளியால் மின்கலத்தை ஏற்றிச் சீரான மின்சாரம் தரும் அமைப்பையும் செய்தனர்.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. கோபுரத்தில் பழுது நேர்ந்தால் பெர்க்லியிலிருந்து ஆள் வரமுடியுமா? நிலையத்தில் பணிபுரியும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கே, எது மின்சாரக் கோளாறு, எது இணைப்புக் கோளாறு, எது கணிப்பொறிக் கோளாறு எனப் பகுத்தறியக் கற்பிக்க வேண்டியதாயிற்று. ஆராய்ச்சியின் இறுதிப் படி கற்பித்தலாகவே இருந்தது. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இதற்கு மாறான பாடம் ஒன்றும் அண்டை வட்டத்தில் உண்டு. மதுரை மாவட்டம் மேலூரில் 2001-ஐ ஒட்டி, சென்னைத் தொழில்நுட்பக் கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, சிற்றூர்தோறும் கணிப்பொறி நிலையங்களை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கின. அரசு அலுவலகத்திற்கு உரிய விண்ணப்பங்களை ஊரிலிருந்தே அனுப்பலாம் என்றதும் மக்கள் ஆர்வத்துடன் வந்தனர். ஆனால், ஏறத்தாழ ஓராண்டிற்குள் அச்சேவை பல இடங்களில் நின்றுவிட்டது. கருவி கெட்டதனால் அன்று; ஊக்கமுடைய அலுவலர் மாறிச் சென்றபின், விண்ணப்பத்தை மறுமுனையில் ஏற்று நடத்தும் ஒழுங்கு நிலைபெறாமையால். இதனையும் ஆய்வாளர் மறையாமல் 2006-இல் எழுதிவைத்தனர். தோல்வியை எழுதிவைப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமையே. இல்லையெனில் அடுத்த ஊரும் அதே பணத்தை அதே வழியில் இழக்கும்.

இப்பொழுது கைபேசி ஊர்தோறும் பரவிவிட்டது. ஆயினும் புதிய வினாக்கள் எழுந்துள்ளன. நீரிழிவினால் விழித்திரை கெடுவதைக் கணிப்பொறியே படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறையை விளக்கி, கூகுள் நிறுவன ஆய்வாளர் 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அப்பொறியைப் பயிற்ற 1,28,175 விழிப்படங்கள் பயன்பட்டன; கண் மருத்துவத்தில் தேர்ந்தோரும் பயிற்சியில் இருந்தோருமாக 54 பேர் அவற்றைப் பார்த்துத் தரம் பிரித்தனர். அப்படங்களுட் பல அமெரிக்காவிலிருந்து வந்தவை. அரவிந்த் உள்ளிட்ட நம் நாட்டு மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை உண்டு. இதனால் மருத்துவர் அருகே இல்லாத ஊரிலும் நோயைக் காலத்தே அறிய வழி பிறக்கும், நன்மை பெரிது. அதே வேளையில், ஒருவர் விழியின் படம் யாருக்கு உரியது, எதன்பொருட்டு அது பயன்படுகிறது என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் கூறினோமா, பொறி பிழை செய்தால் விடை கூறவேண்டியவர் யார் என்பனவும் கேட்கத்தக்கவை. தனிமனிதர் தரவுகளைக் காக்கும் சட்டம் ஒன்றை 2023-இல் நம் நாடாளுமன்றம் இயற்றியுள்ளது. சட்டம் ஏட்டில் உள்ளது. கையொப்பமிடத் தெரியாத மூதாட்டிக்கு அதனை எடுத்துச் சொல்லவேண்டியவர் நீங்கள்.

நிரல் எழுதுவது நல்ல தொழில்; அதனைக் கற்றுக்கொள்ளுங்கள். அதனோடு, கல்லூரியில் சேரும்முன் ஒரு சிறு பயிற்சியைச் செய்துபாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில் நியாய விலைக் கடையோ, கூட்டுறவுச் சங்கமோ, நூல் நிலையமோ எதுவாயினும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே எழுதப்படும் குறிப்புகள் யாவை, அவற்றைப் படிப்பவர் யார், படித்தபின் நடப்பது என்ன என்று ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். பிறகு, அங்கே வரவேண்டியவராயிருந்தும் வாராதவர் யார் என்பதையும் தெருத்தெருவாக நடந்து கேட்டு, அதே ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கணிப்பொறியைத் திறப்பது அதற்குப் பின்னர் ஆகட்டும்.