கோடையில் இலைகள் சுருள்வது ஏன்?

நாம் வாழும் சிட்னியில் தைப்பொங்கல் கடுங்கோடையின் நடுவிலே வருகின்றது. 2020ஆம் ஆண்டு சனவரி 4ஆம் திகதி, மேற்குப் புறநகரான பென்ரித்தில் வெப்பநிலை 48.9 பாகை செல்சியசு வரை உயர்ந்தது. அத்தகைய உச்சம் அரிதெனினும், 40 பாகையைத் தொடும் நாட்கள் மேற்குப் புறநகர்களில் வாழும் எம்மவர்க்குப் புதியன அல்ல. அந்நாட்களில் வீட்டுத் தோட்டத்திற்குச் சென்றால், தக்காளியும் மிளகாயும் தேசியும் இலைகளைச் சுருட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். கண்டவுடன் நாம் தண்ணீர்க் குழாயைத் திறக்கின்றோம். இரண்டு நாளில் பலன் தெரியாவிட்டால் கடையில் மருந்து வாங்கிவந்து தெளிக்கின்றோம். ஆசையுடன் வளர்த்த செடி, வெயிலுக்குத் தப்பி இந்தச் சிகிச்சையால் மடிந்துபோவதும் உண்டு.

இலை சுருளுதல், காய்ச்சலைப் போன்று ஓர் அறிகுறி மாத்திரமே. காரணத்தை அறிய மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். எந்நேரத்தில் சுருள்கின்றது? எந்த இலை சுருள்கின்றது? எப்பக்கமாகச் சுருள்கின்றது?

முதலில் நேரத்தைக் கவனிப்போம். இலையிலுள்ள இலைவாய்கள் எனப்படும் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகி வெளியேறுகின்றது. எமது உடலை வியர்வை குளிர்விப்பது போன்று இது இலையைக் குளிர்விக்கின்றது. நண்பகல் வெயிலில், வேர் உறிஞ்சும் நீரைக் காட்டிலும் இலை இழக்கும் நீர் மிகுந்துவிடும்போது, செடி இலைவாய்களை மூடுகின்றது. வெயில் படும் பரப்பைக் குறைக்க இலையையும் சுருட்டுகின்றது. இது தற்காப்பு. மாலையில் அல்லது மறுநாட் காலையில் இலை மீண்டும் விரிந்துவிட்டால் செடிக்கு நோயில்லை. காலையிலும் சுருண்டே இருந்தால்தான் நாம் ஆராய வேண்டும்.

அப்பொழுதும் நீரூற்றுவதற்கு முன் விரலை மண்ணுக்குள் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்திற்குச் செலுத்திப் பார்த்தல் நன்று. மண் ஈரமாக இருந்தும் இலை சோர்ந்திருந்தால், வேர் காற்றின்றி அழுகத் தொடங்கியிருக்கலாம். அந்நிலையில் மேலும் ஊற்றும் ஒவ்வொரு வாளி நீரும் தீங்கே செய்யும்.

சாடிகளில் வளரும் செடிகளுக்கு வேறொரு சங்கடம் உண்டு. கடைகளில் விற்கப்படும் சாடிக் கலவையின் பெரும்பகுதி மக்கிய பைன் மரப்பட்டையாகும். அது முற்றாகக் காய்ந்துவிட்டால் நீரை ஏற்காது தள்ளிவிடும். ஊற்றிய நீர் சாடியின் ஓரமாக இறங்கி அடித்துளையால் ஓடிவிட, வேரைச் சூழ்ந்த பகுதி தூளாகவே இருக்கும். நாள்தோறும் தவறாது நீரூற்றியும் கறிவேப்பிலைக் கன்று காய்ந்துபோவதன் இரகசியம் பல வீடுகளில் இதுவே. சாடியை ஒரு பெரிய நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, குமிழிகள் வெளிவருவது நிற்கும்வரை வைத்திருந்து எடுத்தால் கலவை மீண்டும் நீரைப் பிடிக்கும். கரும் பிளாஸ்திக்குச் சாடி வெயிலில் சூடேறி வேரையே வாட்டுமாதலால், அதனை மேற்கு வெயில் படாத இடத்திற்கு நகர்த்துதல் வேண்டும்.

அடுத்து, எந்த இலை? தக்காளியின் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நீளவாக்கில் மேல்நோக்கிச் சுருண்டு, தோல் போலத் தடித்து, ஆயினும் பச்சையாகவே இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வெப்பம், அளவுக்கு மிஞ்சிக் கிளை வெட்டுதல், நீர் ஒழுங்கீனம் ஆகியவற்றால் இது உண்டாகும். காய்ப்பு குறைவதில்லை. இதற்கு மருந்து தெளிப்பது பணவிரயம். ஆனால் நுனித் தளிர்கள் சுருண்டால் பூச்சிகளைத் தேட வேண்டும். அவற்றுள் பல இளஞ்சாற்றையே விரும்புவன.

மிளகாயில்தான் மூன்றாவது கேள்வி பெரிதும் உதவுகின்றது. தளிரிலைகளின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு போலத் தோன்றினால் இலைப்பேனைச் சந்தேகிக்கலாம். இலங்கையில் இதனைப் பனிப்பூச்சி என்பர். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த படகு போலாகி, இலை ஒடுங்கியிருந்தால் அது பெரும்பாலும் சிற்றுண்ணியின் வேலை. தமிழகத்து மிளகாய்த் தோட்டங்களில் நெடுங்காலமாகப் பயன்படும் இந்த அடையாளம் இங்கும் பொருந்தும். மாணவர்கள் இதனைத் தாமே சோதிக்கலாம். வெள்ளைத் தாளொன்றின் மேல் தளிரைத் தட்டினால், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நீளமான மெல்லிய இலைப்பேன்கள் ஊர்வது தெரியும். சிற்றுண்ணி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இலையின் அடிப்புறத்தைப் பத்து மடங்கேனும் பெருக்கும் கண்ணாடியால் நோக்க வேண்டும். உண்ணிக்கு எட்டுக் கால்கள். ஆகவே அது பூச்சியினமே அன்று. பூச்சிகளுக்கான மருந்துகள் பல அதனைக் கொல்லாமைக்கும், அதனை உண்ணும் நல்லுயிர்களை அழித்துவிடுவதால் அது மேலும் பெருகுவதற்கும் காரணம் இங்கே விளங்குகின்றது.

தேசியின் தளிரில் வெள்ளிக் கம்பி போன்ற வளைந்த கோடுகளைக் கண்டால், அது இலைக்குள் சுரங்கம் அறுக்கும் சிறு அந்துப்பூச்சியின் புழு. கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் இது மிகும். வசந்தத்தில் வரும் தளிர் பெரும்பாலும் தப்பிவிடுமாதலால், உரமிட்டுத் தளிர்க்கச் செய்வதை அப்பருவத்திற்கே வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த மரத்திற்கு இதனால் பெருங்கேடில்லை.

பூச்சி எதுவுமின்றி, புதிய இலைகள் நாடா போல ஒடுங்கி முறுகினால், புற்றரைக்குத் தெளித்த களைகொல்லி காற்றில் பறந்து வந்ததா என அயலவரிடம் விசாரிக்கலாம். தக்காளியும் திராட்சையும் இதற்கு மிகவும் எளிதில் பாதிக்கப்படும்.

மருந்து தேவையென்றே தீர்மானித்தாலும், 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் எண்ணெய், கந்தகத் தெளிப்புகள் இலையைக் கருக்கிவிடும். குளிர்ந்த நாளொன்றுக்குக் காத்திருத்தல் அவசியம்.

கறிவேப்பிலையைப் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. அது தேசி, தோடை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆசியத் தோடைச் சாறுறிஞ்சி எனத்தக்க ஒரு பூச்சி அதன் தளிர்களிலும் வாழ்ந்து, அவற்றை முறுக்கிச் சுருட்டும். 3 முதல் 4 மில்லிமீற்றர் நீளமுடைய அப்பூச்சி, வால்புறத்தை உயர்த்திச் சரிவாக நின்று சாற்றை உறிஞ்சுவது வழக்கம். குஞ்சுகள் வெண்மையான மெழுகு இழைகளை வெளிவிடும். அது பரப்பும் மஞ்சள் தளிர் நோய்க்குப் பரிகாரம் இல்லை. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டறியப்பட்ட இந்நோய், அங்குள்ள தோடைத் தோட்டங்களைச் சீரழித்துவிட்டது. இப்பூச்சியும் நோயும் இன்றுவரை அவுஸ்திரேலியாவில் நிலைகொள்ளவில்லை. ஊரிலிருந்து வரும்போது ஒரு பிடி கறிவேப்பிலையை, ஒரு சிறு கன்றை மறைத்துக் கொண்டுவருதல் எவ்வளவு பாரதூரமானது என்பதைப் பெற்றோர் இதிலிருந்து உணரலாம்; விமான நிலையத்தில் அதிகாரிகள் காட்டும் கடுமைக்கும் இத்தகைய ஆபத்துக்களே காரணம்.

எமது கறிவேப்பிலையிலோ தேசியிலோ இத்தகைய அறிகுறியைக் கண்டால், கிளையை ஒடித்து நண்பரிடம் காட்ட எடுத்துச் செல்லலாகாது. செடியை அவ்விடத்திலேயே விட்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு, வெளிநாட்டுத் தாவரப் பீடைகளை அறிவிப்பதற்கான 1800 084 881 என்ற இலக்கத்தை அழைக்கலாம். அவுஸ்திரேலியா முழுவதற்கும் இலக்கம் இதுவே. அழைப்பு அந்தந்த மாநிலத்து அலுவலகத்தைச் சென்றடையும்.