புண் ஆறினாலும் நோய் ஆறுவதில்லை

சிஃபிலிஸ் எனப்படும் மேகநோயில் முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது. கிருமி தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில் பிறப்புறுப்பிலோ வாயிலோ தோன்றும். மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் ஆறிவிடும். பிறகு உடம்பில், உள்ளங்கை உள்ளங்காலில்கூட, தடிப்புகள் வரும். அவையும் மறையும். இடையில் கைமருந்து கொடுத்தவருக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். கிருமியோ உள்ளேயே இருக்கும்.

அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பது நார்வேயில் தெரியவந்தது. ஆஸ்லோவின் தோல் மருத்துவர் சீசர் பெக், அன்று வழக்கத்தில் இருந்த பாதரச மருந்தால் கெடுதலே அதிகம் என்று நினைத்தார். 1891 முதல் 1910 வரை சுமார் 2,000 நோயாளிகளுக்கு அதைக் கொடுக்காமல், புண் ஆறும்வரை மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார். அவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று தேடித் திரட்டிய விவரம் 1955இல் வெளிவந்தது. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இதயமோ மகாதமனியோ பழுதாகியிருந்தது. நூற்றில் ஆறேழு பேருக்கு மூளை, தண்டுவடப் பாதிப்பு. தோலையும் எலும்பையும் அரிக்கும் கட்டிகள் வந்தவர்கள் அதைவிட அதிகம். இவையெல்லாம் தலைகாட்டப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். பெரும்பாலோர் தப்பித்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் தப்பப்போவது யார் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றும் வழியில்லை.

பெக்கின் காலத்தில் நல்ல மருந்து இல்லை. அமெரிக்காவின் அலபாமாவில் அந்தச் சாக்கும் சொல்ல முடியாது. 1932 முதல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, டஸ்கிகீ வட்டாரத்தில் மேகநோய் கண்டிருந்த 399 கறுப்பின ஆண்களை, சிகிச்சை என்று நம்பவைத்து, வெறுமனே கவனித்துவந்தது. 1940களில் பென்சிலின் வந்தது, அதையும் கொடுக்கவில்லை. 1972இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்திய பிறகே நிறுத்தினார்கள். இதை ஆய்வு என்று சொல்லவே நாக்கூசுகிறது.

கர்ப்பிணிக்கு இந்நோய் இருந்து சிகிச்சை பெறாவிட்டால், பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், நோயோடு பிறத்தல் என ஏதாவதொன்று நேர்கிறது. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு இதற்கான ரத்தப் பரிசோதனை செய்வது வெறும் சடங்கல்ல. மற்ற பால்வினை நோய்களான வெட்டைநோயும் (கொனோரியா) கிளமிடியாவும் வேறு வகை: பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் கருக்குழாயைத் தழும்பாக்கி அடைத்துவிடக்கூடும். பல ஆண்டுகள் கழித்து, குழந்தையில்லை என்று மருத்துவரிடம் போகும்போதுதான் விஷயம் தெரியும். அதற்கும் பழி அவள்மேல்தான்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மேகநோய்க்கு பென்சாதைன் பென்சிலின் ஊசி ஒருமுறை போட்டால் போதும். முற்றிய பின்னும் பென்சிலின் கிருமியைக் கொல்லும். ஆனால் பழுதான மகாதமனியைச் சரிசெய்யாது. ஆகவே, சந்தேகம் இருந்தால் புண் ஆறிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். துணையையும் அழைத்துப் போங்கள். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் நோய் திரும்பவும் தொற்றக்கூடும்.