இருவாச்சிக் கூட்டைக் காக்கும் காடர்கள்: பழங்குடி அறிவும் அறிவியலும் இணைவது எப்படி?

கொழிஞ்சாம்பாறை: கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் கொழிஞ்சாம்பாறைச் சமவெளியும், பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தின் அடர்ந்த காடும் இதே வட்டத்தில் உள்ளன. பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியாகச் செல்வோர் பொள்ளாச்சி, சேத்துமடை எனத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தே செல்ல வேண்டும்.

பரம்பிக்குளம், தமிழ்நாட்டின் ஆனைமலை, திருச்சூர் மாவட்டத்தின் வாழச்சால் ஆகிய மூன்றும் தொடர்ச்சியான காடுகள். காடர் பழங்குடியினர் இம்மூன்று பகுதிகளிலும் வாழ்கின்றனர். கேரளத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றுள்ள இவர்கள், தமிழ்நாட்டில் அப்பட்டியலில் இல்லை.

பல்லுயிர்ப் பாதுகாப்பில் பழங்குடி அறிவையும் அறிவியலையும் இணைக்க வேண்டும் என்ற கருத்து உலக அளவில் வலியுறுத்தப்பட்டு வருகிறது. நடைமுறையில் அது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு, காடர்களும் இருவாச்சிப் பறவையும் நல்ல எடுத்துக்காட்டு.

பொந்துக்குள் தாய்ப்பறவை

கேரளத்தின் மாநிலப் பறவையான பெரிய இருவாச்சி, உயரமான மரங்களின் பொந்துகளில் கூடு அமைக்கிறது. பெண் பறவை பொந்துக்குள் சென்று, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டுவிட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். அது உள்ளே இருக்கும் மூன்று, நான்கு மாதங்களுக்கும் ஆண் பறவையே அத்திப் பழம் உள்ளிட்ட இரையைக் கொண்டுவந்து அந்தப் பிளவின் வழியே ஊட்டும். ஆண் பறவை கொல்லப்பட்டால் தாயும் குஞ்சும் பட்டினியால் இறக்கும் அபாயம் உண்டு. ஏற்ற பொந்துகள் அரிதாகவே கிடைப்பதால், ஒரே பொந்து ஆண்டுதோறும் பயன்படுத்தப்படுகிறது. எனவே, ஒரு கூட்டு மரம் வீழ்ந்தால் பல ஆண்டுகளின் இனப்பெருக்கம் பாதிக்கப்படும்.

அத்தகைய மரம் காட்டில் எங்கே உள்ளது என்பதை அறிந்தவர்கள் காடர்கள். தேன், குங்கிலியம் சேகரிக்கக் காடெங்கும் நடப்பவர்கள் அவர்கள். எந்த அத்தி எப்போது பழுக்கும் என்பதும், மரத்தடியில் சிதறிக் கிடக்கும் விதைகளையும் எச்சத்தையும் கண்டு மேலே கூடு உள்ளதை உணர்வதும் அவர்களுக்குப் பழக்கமானவை. முற்காலத்தில் இதே அறிவைக் கொண்டு, உணவுக்காகக் கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது.

1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர் இரகுபதி கண்ணன் ஆனைமலையில் பெரிய இருவாச்சியின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தபோது, காடர்களின் தடமறியும் திறன் அவருக்குத் துணை நின்றது. 2000களின் நடுப்பகுதியில் வாழச்சாலில் ஆய்வாளர் அமிதா பச்சனும் கேரள வனத்துறையும் மேற்கொண்ட திட்டத்தில், காடர்களே கூடுகளைக் கண்காணித்துக் காப்பவர்களாயினர்.

அறிவியல் இதில் சேர்த்தது முறையான பதிவு. கூட்டு மரத்தின் இருப்பிடம், உயரம், சுற்றளவு, பெண் பறவை பொந்துக்குள் சென்ற நாள், குஞ்சு வெளிவந்த நாள் போன்றவை ஆண்டுதோறும் ஒரே முறையில் குறிக்கப்படும்போது, முந்தைய ஆண்டுகளுடன் ஒப்பிட முடிகிறது. காட்டின் ஒரு பகுதியில் கூடுகள் குறைந்தால் அது பதிவில் தெரியும். குறைந்ததன் காரணத்தைக் கண்டறிய, அப்பகுதியில் நாள்தோறும் நடப்பவர்களின் அறிவு தேவைப்படுகிறது.

அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய நிஷி பழங்குடியினரும் இருவாச்சிக் கூடுகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டுள்ளனர். இடுக்கி மாவட்டத்தின் சின்னாறு வனவிலங்கு சரணாலயத்திலுள்ள தாயண்ணன்குடியில், முதுவர் பழங்குடியினர் தங்கள் பாரம்பரியக் கேழ்வரகு வகைகளை வனத்துறையின் துணையுடன் மீட்டுப் பயிரிட்டுள்ளனர்.

ஊதியமும் உரிமையும்

திட்டத்துக்கு நிதி உள்ளவரை மட்டுமே கண்காணிப்புப் பணிக்கு ஊதியம் கிடைக்கும். அதன் பின்னரும் காட்டைக் குறித்து முடிவெடுக்கும் இடத்தில் பழங்குடியினர் இருப்பார்களா என்பதைச் சட்டமே தீர்மானிக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூகக் காட்டு வளங்களைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராமசபைக்கு அதிகாரம் அளிக்கிறது. பல்லுயிர் சார்ந்த பாரம்பரிய அறிவின் மீது சமூகத்துக்குள்ள அறிவுசார் சொத்துரிமையையும் அது ஏற்கிறது. இச்சட்டத்தின்கீழ் வாழச்சாலின் ஒன்பது காடர் ஊர்களுக்கு 2014இல் சமூக வன வள உரிமை வழங்கப்பட்டது.

உரிமை தெளிவாக இல்லாதபோது நேர்வதை, தென்கேரளத்தின் காணி பழங்குடியினரின் அனுபவம் உணர்த்துகிறது. 1987இல் அகத்தியமலைக்குச் சென்ற அறிவியலாளர்கள், வழிகாட்டியாக வந்த காணிகள் ஒரு செடியின் காயை உண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை எனும் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. அதன் தொழில்நுட்பம் 1990களின் நடுவில் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என முடிவாகி, 1997இல் அறக்கட்டளை அமைந்தது. உலகளவில் பாராட்டப்பட்ட இந்த ஏற்பாட்டில், காணிகளில் ஒரு பகுதியினர் தங்களைக் கலந்து பேசவில்லை எனக் குறை கூறினர். காட்டிலிருந்து செடியைச் சேகரிப்பதிலும் தடைகள் எழுந்தன.

இன்றைய கேள்வி

2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மான்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் செயல்திட்டம், பாரம்பரிய அறிவை அச்சமூகத்தின் முழு அறிதலுடன் கூடிய முன் ஒப்புதல் பெற்றே பயன்படுத்த வேண்டும் என்கிறது. 2024இல் கொலம்பியாவின் காலி நகர மாநாட்டில், பழங்குடியினர் தொடர்பான நிரந்தரத் துணை அமைப்பை உருவாக்க முடிவு செய்யப்பட்டது.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, உள்ளாட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம், தொகுக்கப்பட்ட பாரம்பரிய அறிவுக்குப் பயன் பகிர்விலிருந்து விலக்கு அளித்துள்ளது. எனவே, காடர்களிடம் வாய்மொழியாக உள்ள அறிவை எழுத்தில் பதிவு செய்யும்போது, அது யாருடைய ஒப்புதலுடன் எழுதப்படுகிறது, யாருடைய பொறுப்பில் இருக்கும் என்பவை முன்னதாகவே முடிவாக வேண்டும்.

இருவாச்சிக் கூட்டைக் காட்டிக்கொடுத்த அறிவே இன்று அதைக் காத்து நிற்கிறது. அந்த அறிவுக்கு உரியவர்கள் கூலிக்கு அமர்த்தப்படும் வழிகாட்டிகளாக மட்டும் இல்லாமல், காட்டை நிர்வகிக்கும் உரிமை உடையவர்களாகவும் இருந்தால்தான் இந்த இணைப்பு நிலைக்கும்.