எரிந்த கோப்புகளும் எஞ்சிய செய்தித்தாள்களும்

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய ஒரு சாதாரணச் சிப்பாயின் குடும்ப வரலாற்றைத் தேடப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது ஒரு பேரிழப்பையே. லண்டன் ஆர்ன்சைடு தெருவில் இருந்த போர்த்துறை ஆவணக் கிடங்கு 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் தீப்பற்றியபோது, அங்கிருந்த பணிக்கோப்புகளில் சுமார் 60 விழுக்காடு அழிந்துபோயின. கருகியும் நீரில் ஊறியும் தப்பியவை ‘எரிந்த ஆவணங்கள்’ என்ற பெயராலேயே இன்றும் அறியப்படுகின்றன. வயது, தொழில், பிறந்த ஊர், மனைவி மக்களின் பெயர், நெருங்கிய உறவினரின் முகவரி ஆகியவற்றைக் கொண்ட சேர்க்கைப் படிவம் அந்தக் கோப்புகளில்தான் இருந்தது என்பதால், அதை இழந்த வீரரின் குடும்பத்தை வேறு வழிகளில் தேட வேண்டியிருக்கிறது. அவ்வழிகளுள் மிகவும் வளமானது அவருடைய ஊர்ச் செய்தித்தாள்.

தலைநகரின் பெரிய நாளேடுகளைவிட, சிறு நகரங்களில் வெளிவந்த வார ஏடுகளே இதற்கு மிகுதியும் உதவுகின்றன. மாண்டோர், காயமுற்றோர் பட்டியல்களோடு, வீரரின் புகைப்படம், அவர் படித்த பள்ளி, வேலை பார்த்த ஆலை, போர்முனையிலிருந்து தாய்க்கு எழுதிய கடிதம் ஆகியவற்றையும் அவை வெளியிட்டன. இறந்த நாளில் ஆண்டுதோறும் உறவினர் கொடுத்த நினைவஞ்சலி அறிவிப்புகள் அதனினும் மதிப்புடையவை. அறிவிப்பின் அடியில் தாயும் இரு சகோதரிகளும் ‘பிரான்சிலுள்ள தம்பி’யும் குறிக்கப்பட்டு, தந்தையின் பெயர் மட்டும் இல்லையென்றால், அவர் முன்பே இறந்திருக்கலாம் என்ற ஊகமும், இளைய மகனும் படையில் இருந்தார் என்ற செய்தியும் அந்தச் சில வரிகளிலேயே கிடைத்துவிடுகின்றன. அடுத்த ஆண்டு அறிவிப்பில் சகோதரி ஒருத்தி புதிய குடும்பப் பெயருடன் தோன்றினால், அவளது திருமணப் பதிவைத் தேடவேண்டிய காலமும் தெரிந்துவிடுகிறது. இத்தகைய ஏடுகளில் பல இப்போது கணினியில் தேடும் வசதியுடன் கிடைக்கின்றன. மங்கிய அச்சைக் கணினி அடிக்கடி தவறாகப் படிப்பதால், வீரரின் பெயர் அகப்படாதபோது அவர் குடியிருந்த தெருவின் பெயரைக் கொண்டு தேடுவது பயன் தரும்.

எனினும் செய்தித்தாளை அப்படியே நம்பிவிடலாகாது. கடல் கடந்து போரிட 19 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதியால் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த சிறுவர்கள் பலர். ஒரே பெயர் கொண்டவர்களோ அதனினும் பலர். படைத்துறை எண்ணும் தனித்து நின்று உறுதி தராது. 1920 வரை ஒவ்வொரு ரெஜிமென்டும் தனித்தனியே எண் வழங்கியதால், ஒரே எண் பலருக்கு இருந்தது. ஆகவே பெயர், எண், ரெஜிமென்ட் ஆகிய மூன்றும் பொருந்தினால் மட்டுமே ஆளை உறுதிசெய்ய முடியும். இவற்றை வீட்டு முகவரியோடு இணைத்துக் காட்டுவது, போர்முனையில் இருந்தோரும் வாக்களிக்கும் பொருட்டு 1918இல் உருவாக்கப்பட்ட ‘வெளியிருக்கும் வாக்காளர் பட்டியல்’. எல்லாத் தொகுதிகளுக்கும் அது எஞ்சவில்லை. எஞ்சிய இடங்களில் அதற்கு ஈடான சான்று அரிது. முகவரி தெரிந்தபின் 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த வீட்டைத் தேடலாம். மணமான பெண் பெற்ற பிள்ளைகள் எத்தனை, அவர்களுள் உயிரோடிருப்போர் எத்தனை என்பதுகூட அதில் பதிவாகியுள்ளது.

மாண்ட வீரருக்குச் சேரவேண்டிய பணம் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதைக் காட்டும் பதிவேடு மற்றொரு நல்ல சான்று. அதிலுள்ள போர்க்கொடைத் தொகை பணிபுரிந்த மாதங்களைப் பொறுத்து அமைந்ததால், அதைக் கொண்டு அவர் படையில் சேர்ந்த காலத்தை ஏறக்குறையக் கணக்கிட்டுவிடலாம்.

இந்திய வீரர்களின் குடும்பங்களுக்கும் இத்தகைய வழிகள் திறந்து வருகின்றன. லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்த, பஞ்சாபைச் சேர்ந்த சுமார் 3,20,000 வீரர்களின் விவரங்களைக் கொண்ட பதிவேடுகள் 2021 முதல் இணையத்தில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. தமிழ்நாட்டிலும், மெசப்பொட்டேமியா வரை சென்ற மதராஸ் சாப்பர்ஸ் போன்ற பிரிவுகளில் பணியாற்றியவர்களின் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். வீட்டில் அக்காலப் போர்ப் பதக்கம் இருந்தால், அதன் விளிம்பில் பொறித்துள்ள எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை, அது தேய்வதற்கோ கைமாறுவதற்கோ முன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.