அட்டையைப் படம் எடுங்கள்

கொத்தமங்கலத்துப் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பத்தாவுக்கு ஒற்றைத் தலைவலி வந்தால், சிங்கப்பூரில் உள்ள பேரனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் போகிறது. உள்ளங்கையில் வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு. "இது தலைவலிக்கா, பிரஷருக்கா, பார்த்துச் சொல்லப்பா." பிள்ளைகள் கடல் கடந்து போய், முதியவர்கள் மட்டும் தங்கிவிட்ட செட்டிநாட்டு வீடுகளில் இது சாதாரணம். பேரன் இணையத்தில் அதே போன்ற மாத்திரையைத் தேடுகிறான். பத்து நோய்களுக்கான வெள்ளை மாத்திரைகள் வந்து நிற்கின்றன.

அமெரிக்காவில் 1995 முதல் மாத்திரையின் மேலேயே எழுத்தோ எண்ணோ இருந்தாக வேண்டும். அதை வைத்துத் தேடினால் மருந்தும் அளவும் கம்பெனியும் தெரிந்துவிடும். இந்தியாவில் அந்தக் கட்டாயம் இல்லை. இங்கே மாத்திரைக்கு அட்டைதான் அடையாளம். அதைத்தான் "நாலு மட்டும் கொடுங்க" என்று கேட்டு, மெடிக்கலில் கத்தரியால் நறுக்கி வாங்கி வருகிறோம். பெயர் ஒரு துண்டில், காலாவதி தேதி இன்னொரு துண்டில்.

ஒற்றைத் தலைவலியில் இந்தக் குழப்பம் கூடுதல் ஆபத்து. சுமாட்ரிப்டான் வலி தொடங்கியதும் போடுவது. ஃப்ளூனாரிசின், ப்ரோப்ரனோலால் போன்றவை வலி வராமல் தடுக்கத் தினமும் போடுவது. தினசரி மாத்திரையை வலி வந்த நேரத்தில் மட்டும் போட்டால் பயன் இல்லை. சுமாட்ரிப்டானை மாதத்தில் பத்து நாள், அதற்கு மேல் என்று தொடர்ந்து போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். சுமாட்ரிப்டான் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் இதய நோயாளிகளுக்கு ஆகாது. ப்ரோப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ப்ரோப்ரனோலால் பிரஷருக்கும் தரப்படுகிற மருந்து என்பதால், அப்பத்தாவின் கேள்விக்கு "இரண்டுக்கும்தான்" என்பதே சில சமயம் சரியான பதில்!

ஆகவே படம் எடுப்பதில் கவனம் வேண்டும். அட்டையின் எழுத்துள்ள பக்கத்தை, வளவில் வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். ஃப்ளாஷ் போட்டால் அலுமினியத் தாள் பளபளத்து எழுத்து மறைந்துவிடும். ஒரே மருந்து அடங்கிய மாத்திரையின் அட்டையில், கம்பெனி வைத்த பெயரைவிட மருந்தின் பொதுப் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது. அந்தப் பெயரைத்தான் படிக்க வேண்டும். கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும் இரண்டு அட்டைகளுக்குள் ஒரே மருந்து இருக்கலாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் கால்பால், டோலோ உள்ளிட்ட 300 மருந்துகளில் க்யூஆர் கோடும் உண்டு. ஸ்கேன் செய்தால் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் வரும்.

நறுக்கித்தான் வாங்க வேண்டுமென்றால், கடையிலேயே முழு அட்டையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவரின் மேல் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் அலுத்துக்கொண்டாலும் கேளுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, வெறும் மாத்திரையின் படம் வந்தால் ஊகித்துப் பதில் போடாதீர்கள். மருந்துக்கடைக்காரரிடமோ டாக்டரிடமோ காட்டச் சொல்லுங்கள், அல்லது மருத்துவ உதவி எண் 104-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த மாத்திரையைப் போட வேண்டாம்.