சிவப்பு மணி படத்தில் ஏன் பழுப்பாகிறது?

தீபாவளி விற்பனைக்கான படங்களை இணையக் கடைகளில் ஏற்றி முடிக்க வேண்டிய வாரங்கள் இவை. கைவேலை மணிமாலை, ஜிமிக்கி, வளையல் செய்து விற்கும் பெண்களும் அவற்றைப் படமெடுத்துத் தரும் இளைஞர்களும் எழுதிய கடிதங்களில் கேள்விகள் பல. புகார் மட்டும் ஒன்றுதான்: ‘படத்தில் பார்த்த நிறம் வேறு, கைக்கு வந்த நிறம் வேறு’ என்று சொல்லி வாங்கியவர்கள் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பி வருபவற்றில் பெரும்பாலானவை சிவப்பு வகையைச் சேர்ந்தவை. பவளச் சிவப்பு, கெம்புச் சிவப்பு, சூதுபவளத்தின் செம்மஞ்சள். சிலர் கேமராவைச் சந்தேகிக்கிறார்கள், சிலர் செல்போனை, சிலர் தங்கள் கையையே. பல்பைச் சந்தேகித்து எழுதியவர் ஒருவர்கூட இல்லை. அதன் அட்டைப்பெட்டியில் நல்ல எண்களாக அச்சிட்டிருக்கிறார்கள் அல்லவா?

அந்த எண்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஃபோகஸ், ட்ரைபாட், கை நடுக்கம் ஆகியவற்றுக்குள் நான் போகவில்லை. கடிதம் எழுதியவர்களுக்கு அதெல்லாம் என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது.

எண்களுக்குப் போவதற்கு முன், ‘ஒளிப்படம் வளரும் தொழில்’ என்று பயிற்சி விளம்பரங்களில் அடிக்கடி வரும் வாக்கியத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். வளர்ந்திருப்பது படங்களின் தேவை. எடுப்பவரின் வருமானமும் அதே அளவு வளர்ந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. பாஸ்போர்ட் சேவை மையத்திலும் ஆதார் மையத்திலும் அங்கேயே உட்காரவைத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். தெருமுனை ஸ்டுடியோக்களுக்குச் சோறு போட்ட பாஸ்போர்ட் சைஸ் படம் அதனாலேயே இளைத்துப்போனது. கல்யாண வேலை இருக்கிறது, ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கிடையாது. அந்த வெற்று மாதங்களை நிரப்ப வந்ததுதான் விற்பனைப் பொருட்களைப் படமெடுக்கும் வேலை. ஒரு பொருளுக்கு இத்தனை ரூபாய் என்று பேசிக்கொண்டு, ஒரே நாளில் குவியலாக எடுத்துத் தள்ளும் வேலை. வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று எடுக்க இன்று யாராலும் முடியும் என்பதால் கூலி உயர்வதில்லை. நிறத்தைப் பிசகாமல் தருபவரிடம் மட்டும் ஆட்கள் திரும்ப வருகிறார்கள். இந்தத் தொழிலில் நிலைக்க நினைப்பவர் கற்க வேண்டியதில் பாதி இதுதான் என்பது என் எண்ணம்.

சிவப்பு நமக்கு ஓரத்து நிறமும் அல்ல. கொடுமணலில் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. அரிக்கமேட்டில் செய்யப்பட்டு, கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை போன சிறு கண்ணாடி மணிகளில் செம்பு சேர்த்து வரவழைத்த செங்கல் சிவப்பு பெயர்போனது. காளஹஸ்தி அருகே பாப்பாநாயுடுபேட்டையில் கண்ணாடியைக் குழாயாக இழுத்து மணியாக வெட்டும் அந்தப் பழைய முறை நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. நரிக்குறவப் பெண்கள் தெருவில் விரித்து விற்கும் பாசிமணியிலும் முதலில் கண்ணை இழுப்பது சிவப்புதான். இத்தனை காலம் உழைத்து மனிதர்கள் மணிக்குள் ஏற்றிய நிறத்தை ஒரு பல்பு அழித்துவிடுகிறது.

இனி அட்டைப்பெட்டிக்கு வருவோம். அதில் ‘சிஆர்ஐ 80’ என்றோ ‘சிஆர்ஐ 80க்கு மேல்’ என்றோ இருக்கும். இந்த விளக்கின் ஒளியில் பொருட்களின் நிறம் நூற்றுக்கு எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைக் காட்டும் எண் என்று கம்பெனிகள் விளக்கம் தருகின்றன. என் விளக்கம் வேறு: எட்டு வெளிர் நிறங்களை மட்டும் சோதித்து எடுத்த சராசரி அது.

சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் இந்த அளவுமுறையை 1965இல் வகுத்து 1974இல் திருத்தியது. அதில் சோதனை நிறங்கள் மொத்தம் 14. ஆனால் பெட்டியில் அச்சாகும் எண்ணுக்கு முதல் எட்டை மட்டுமே கூட்டி வகுக்கிறார்கள். அந்த எட்டும் அழுத்தமில்லாத, மங்கலான நிறங்கள். அழுத்தமான சிவப்பு ஒன்பதாவதாக நிற்கிறது. தொழிலில் அதை ஆர்9 என்கிறார்கள். எட்டுப் பாடங்களின் சராசரியை மட்டும் போட்டு, ஒன்பதாவது பாடத்தில் பையன் வாங்கிய பூஜ்ஜியத்தைக் காட்டாத மதிப்பெண் பட்டியல் இது. இங்கே பூஜ்ஜியம் என்பது பேச்சுக்குச் சொன்னதும் அல்ல. சிஆர்ஐ 80 உள்ள பல்பின் ஆர்9 பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கலாம், பூஜ்ஜியத்துக்குக் கீழும் போகலாம். இந்த அளவுகோலில் அதற்கு இடம் உண்டு.

பல்புக்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவது உண்மையில் நீல எல்இடி. அதன் மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சூரிய ஒளியில் ஊதா முதல் சிவப்பு வரை இடைவெளி இல்லாமல் எல்லாம் இருக்கிறது. இந்த ஒளியிலோ நீலம் ஓங்கி நிற்கிறது, மஞ்சள் அகலமாகப் பரவுகிறது, 600 நானோமீட்டரைத் தாண்டியதும் சரிவு தொடங்கி ஆழ்ந்த சிவப்பு மிகக் கொஞ்சமே மிஞ்சுகிறது. சிவப்பு மணி தானாகச் சிவப்பை உண்டாக்குவதில்லை. தன்மேல் விழும் ஒளியில் சிவப்புப் பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு மற்றதை விழுங்கிக்கொள்கிறது. விழும் ஒளியில் சிவப்பே இல்லாவிட்டால் அது எதைத் திருப்பி அனுப்பும்? இருண்டு, பழுப்பாகி நிற்கிறது.

‘வெள்ளைத் தாள் வைத்து ஒயிட் பேலன்ஸ் சரிபார்த்துத்தானே எடுத்தேன், தாள் வெள்ளையாகத்தான் இருக்கிறது’ என்று பலர் எழுதியிருக்கிறார்கள். என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம். கேமரா ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கூறுகளாகப் பிரித்துப் பதிகிறது. ஒயிட் பேலன்ஸ் அந்த மூன்றையும் ஏற்றி இறக்கி, தாளில் சமமாக்குகிறது. சிவப்புக் கூறுக்குள் செம்மஞ்சள் ஒளியும் விழும், ஆழ்ந்த சிவப்பும் விழும். முன்னது நிறைய இருந்தால் தாளுக்குப் போதும், கணக்கு நேராகிவிடும். மணிக்கு வேண்டியதோ பின்னது. விளக்கு தராத அலைநீளத்தை எந்த மென்பொருளாலும் பெருக்கி வரவழைக்க முடியாது. ஆக, சோதனையில் தாள் தேறிவிடுகிறது, பவளம் தோற்கிறது. தாளை நம்பியவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார்.

பிறகு செயலியில் சிவப்பை மட்டும் கூட்டிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் கோத்திருக்கும் தங்க முலாம் மணி செம்பாகிறது, கோத்த நூல் இளஞ்சிவப்பாகிறது, மாடலின் கழுத்து வெயிலில் வெந்தது போலாகிறது. சரக்கு திரும்பி வர இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது.

கம்பெனிகள் சிவப்பை ஏன் விட்டுவிடுகின்றன? பல்பின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரை, ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் என்பதைத்தான் அளக்கிறது. லூமென் என்பது மனிதக் கண்ணின் உணர்வை வைத்துப் போட்ட கணக்கு. கண் பகலில் மிக அதிகமாக உணர்வது 555 நானோமீட்டரில் உள்ள மஞ்சள் கலந்த பச்சையை. 650 நானோமீட்டர் சிவப்பில் அந்த உணர்வு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆழ்ந்த சிவப்புக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு வாட்டும் லூமென் கணக்கில் நஷ்டம், அதனால் முத்திரையிலும் நஷ்டம். 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேல் எல்இடி பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததை அரசு பெருமையோடு சொல்கிறது. மின்சாரம் மிச்சமானது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிக்கனத்துக்குப் பரிசு வைத்தபோது, நிறத்துக்கும் ஒரு கேள்வித்தாள் தயாரித்து அதன் விடையைப் பெட்டியின் மேல் அச்சிட வைத்திருக்கலாம் என்பதே என் வாதம். மின்கட்டணம் எவ்வளவு குறையும் என்று சொல்லும் பெட்டி, உங்கள் பவளம் எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

‘கூல் டேலைட் 6500 கே’ என்ற வரியையும் இதே கண்ணோடு படியுங்கள். வெண்மை நீலத்தின் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் காட்டுகிறது. பகல் ஒளியில் உள்ளதெல்லாம் இதிலும் உண்டு என்ற உறுதியை அது தருவதில்லை.

செய்ய வேண்டியது எளிது. ஒரே சிவப்பு மாலையை வெள்ளைத் தாளில் வைத்து, முதலில் ஜன்னலோரம், பிறகு பல்பின் கீழ், இரண்டு முறையும் தாளுக்கு ஒயிட் பேலன்ஸ் செய்து எடுங்கள். இரண்டு படத்திலும் தாள் ஒன்றுபோல் இருந்து மாலை மட்டும் மாறினால் குற்றவாளி பல்புதான். வீட்டில் பழைய சிடி இருந்தால் பல்பின் ஒளியை அதன் பளபளக்கும் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். வானவில்லின் சிவப்பு முனை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

பழுது தெரிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போங்கள். நேர்வெயில் படாத ஜன்னல், மேகம் மூடிய முற்பகல், திண்ணை நிழல் இவற்றுக்கு ஈடான விளக்கை வாங்கப் பெரிய தொகை வேண்டும். ஆனால் பக்கத்து அறை ட்யூப்லைட்டையும் அணைத்துவிட வேண்டும். இரண்டு ஒளி கலந்தால் மணியின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் இன்னொரு நிறம். இரவில் எடுத்தே ஆக வேண்டியவர்கள் ஸ்டுடியோ ஃப்ளாஷ் பயன்படுத்தலாம். அதன் செனான் குழாயின் ஒளியில் சிவப்புக்குக் குறைவில்லை. எல்இடிதான் வாங்குவேன் என்றால், ஆர்9 எண் தனியாக அச்சிடப்பட்டு, அது 90க்கு மேல் இருக்கும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள். எண்ணை அச்சிடாத கம்பெனியிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. வாங்குபவர் பார்சலை இரவில், தன் வீட்டு எல்இடிக்குக் கீழ் பிரிக்கிறார். படத்தில் சரியாக இருந்த சிவப்பு அவர் கையில் பழுப்பாகத் தெரிகிறது. அதனால் பகல் ஒளிப் படத்தோடு, ‘இரவில் வீட்டு விளக்கில் இப்படித் தெரியும்’ என்று இன்னொரு படமும் போடுங்கள். விற்பனை குறையும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இரண்டாவது படத்தைப் பார்த்த பிறகும் வாங்குகிறவர் திருப்பி அனுப்ப மாட்டார்.

‘நிறம் சற்று மாறலாம்’ என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டால் தப்பித்துவிடலாமா? 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். விளம்பரம் செய்த தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. ‘சற்று’ என்பதற்குள் பவளமும் பாக்கும் ஒன்றாகிவிடாது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

நீல மணி ஊதாவாகிறதே? கோபால்ட் சேர்த்த நீலக் கண்ணாடி ஆழ்ந்த சிவப்பையும் கடத்தும். கண் அதைக் கவனிப்பதில்லை, கேமரா கவனித்துவிடுகிறது. அந்த ஒரு நிறத்தைக் கையால் திருத்துவதில் தவறில்லை.

வெள்ளைப் பின்னணி சாம்பலாக வருகிறதே? அமேசான் முதன்மைப் படத்துக்கு 255, 255, 255 என்ற தூய வெள்ளை கேட்கிறது. கேமராவோ எதையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் போல ஏற்றுங்கள்.

கண்ணாடி மணியின் விளிம்பு வெள்ளையில் கரைந்துவிடுகிறதா? இரண்டு பக்கமும் கறுப்பு அட்டையை நிறுத்துங்கள், விளிம்பில் கோடு விழும்.

மணிக்குள் ஜன்னலும் ஆளும் தெரிகிறார்களா? உருண்டையான பொருளில் முழுதாக மறைக்க முடியாது. ட்ரேசிங் பேப்பரால் ஒளியைப் பெரிதாக்கி மென்மையாக்குங்கள்.

ஏஐ செயலியில் பின்னணி மாற்றலாமா? மணிகளின் எண்ணிக்கையையே மாற்றிவிடுகிறது. எண்ணிப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

செல்போன் போதுமா? போதும். ஒட்டிப் பிடிக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

படத்தின் உரிமை யாருக்கு? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு. போட்டோகிராபர்கள் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் இணையத்தில் விற்கலாமா? வருவாய் வரம்புக்குள் இருப்பவர்கள் 2023 அக்டோபர் 1 முதல் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம், பான் அட்டையை வைத்து ஒரு தனி எண் பெற வேண்டும்.

எந்த வண்ண அமைப்பில் சேமிப்பது? எஸ்ஆர்ஜிபி.

ஏற்கெனவே ஏற்றிய படங்களை எல்லாம் மறுபடியும் எடுக்க வேண்டுமா? வேண்டாம். சிவப்பு, செம்மஞ்சள், ஊதா மணிகளை மட்டும் இந்த வாரம் ஜன்னலோரம் எடுத்துவிடுங்கள். மஞ்சளும் வெள்ளையும் அப்படியே இருக்கட்டும்.